எடைச்சீட்டும் பதினொரு கேள்விகளும்: கோத்தகிரியில் ஒரு நிகழ்வு ஆய்வு

தேயிலை விவசாயிகள் சங்கத்தின் கூட்டக் குறிப்பேட்டில் அன்றைய தேதிக்குக் கீழே ஒரே ஒரு வரிதான் இருந்தது: “மென்பொருளில் காப்புரிமைச் சிக்கல். விற்பனை நிறுத்தம்.” அதை எழுதியவர் செயலாளர். மென்பொருளை எழுதியவர்கள் நானும் என் கூட்டாளியும். அந்த ஒரு சொல்லைப் பிரித்துப் பார்க்க எங்களுக்கு ஏழு வாரம் பிடித்தது.

தமிழில் காப்புரிமை என்ற சொல் இரண்டு வீட்டுக்கு வேலை பார்க்கிறது. தன் பாட்டை அனுமதியில்லாமல் பயன்படுத்திவிட்டார்கள் என்று ஓர் இசையமைப்பாளர் வழக்குப் போட்டால் செய்தித்தாள் அதைக் காப்புரிமை மீறல் என்கிறது. மஞ்சளின் புண் ஆற்றும் குணத்துக்கு 1995இல் அமெரிக்காவில் கொடுக்கப்பட்டு, இந்தியா எதிர்த்ததால் 1997இல் ரத்தானதே, அதையும் காப்புரிமை என்றே எழுதுகிறது. முன்னது படைப்பைப் பற்றியது, பின்னது கண்டுபிடிப்பைப் பற்றியது. இங்கே முன்னதைப் பதிப்புரிமை என்றும், பின்னதை மட்டும் காப்புரிமை என்றும் எழுதப்போகிறேன். செயலாளர் எதை நினைத்து எழுதினார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அன்றைக்கு எங்களுக்கும் தெரியாது.

கோத்தகிரியைச் சுற்றியுள்ள சில ஹட்டிகளின் (மலைச் சிற்றூர்களின்) சிறு தேயிலை விவசாயிகள் சேர்ந்து நடத்தும் சங்கம் அது. மாலை நான்கு மணிக்குமேல் பச்சைத் தேயிலை மூட்டைகள் எடை மையத்துக்கு வரத் தொடங்கும். மழை நாளில் இலையோடு தண்ணீரும் எடை காட்டும் என்பதால் மூட்டைக்கு இவ்வளவு என்று கழிவு போடுவார்கள். மாதக் கடைசிச் சண்டைகள் எல்லாம் அந்தக் கழிவிலிருந்து முளைப்பவைதாம். பஸ் நிலையத்துக்கு அருகே ஒரு மாடி அறையில் நானும் என் கூட்டாளியும் எழுதிய நிரல் செய்தது எளிய வேலை: தராசிலிருந்து எடையை நேரடியாக வாங்கி, கழிவைத் தனி வரியில் காட்டி, சீட்டு அச்சடிப்பது. முதல் சீட்டை வாங்கிய பெரியவர் அதை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்துவிட்டு, “கழிவையும் எழுதியிருக்கிறதே தம்பி” என்றார். இந்த ஊரில் அதற்குமேல் பாராட்டு கிடைக்காது.

குறியாக்கம், அதாவது சாவி இல்லாதவர் படிக்க முடியாதபடி தரவைப் பூட்டுவது, பிறகு வந்து சேர்ந்தது. விவசாயிகளின் வங்கிக் கணக்கு எண்கள் இருந்த பென் டிரைவ் ஒருநாள் மேட்டுப்பாளையம் பஸ்ஸில் தொலைந்துபோனது. இரண்டு நாள் கழித்து நடத்துநர் கொண்டுவந்து கொடுத்தார். யாரும் திறந்து பார்த்திருக்க மாட்டார்கள் என்று நம்பினோம். நம்பிக்கையைத் தவிர வேறு சான்று இல்லை. அதற்குப் பிறகு இரண்டு இடங்களில் பூட்டுப் போட்டோம். அலுவலகக் கணினியில் இரவுக் கணக்கை க்னூபிஜி என்ற கட்டற்ற மென்பொருள் (யாரும் பயன்படுத்தலாம், திருத்தலாம், பகிரலாம்) தணிக்கையாளரின் பொதுச்சாவியால், அதாவது யாரும் பூட்டலாம், அவர் மட்டுமே திறக்கலாம் என்ற சாவியால், பூட்டியது. எடை மையத்துக் கையடக்கக் கருவியில் ஓபன்எஸ்எஸ்எல் என்ற குறியாக்க நிரலகத்தின் (பிற நிரல்கள் எடுத்துப் பயன்படுத்தும் ஆயத்த நிரல் தொகுப்பின்) 1.1.1 பதிப்பை எங்கள் நிரலோடு சேர்த்துப் பின்னியிருந்தோம். இரண்டுக்கும் காசு கொடுக்கவில்லை. காசு கொடுக்காததைப் பற்றி யாராவது கேள்வி கேட்பார்கள் என்று அப்போது தோன்றவும் இல்லை.

2023 செப்டம்பரில் சமவெளியிலிருந்து ஒரு நிறுவனம் இந்த நிரலைத் தன் கொள்முதல் மையங்கள் அனைத்துக்கும் வாங்கிக்கொள்கிறேன் என்றது. அதன் தாய் நிறுவனம் அமெரிக்காவில். விலை பேசி முடிந்த மறுவாரம் சட்டப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. பதினொரு கேள்விகள். கடிதத்தில் ‘பேட்டண்ட்’ என்ற சொல் மட்டும் தடித்த எழுத்தில் இருந்தது. செயலாளரின் கண் அங்கேயே நின்றுவிட்டது.

“நம் தேயிலைக்குப் புவிசார் குறியீடு வாங்கி வைத்திருக்கிறார்களே, அந்த மாதிரியா?” என்று கேட்டார். இல்லை என்றேன். புவிசார் குறியீடு ஊரின் பெயரைக் காக்கிறது, செய்முறையை யாருக்கும் பூட்டி வைப்பதில்லை. “அப்படியானால் மஞ்சள் மாதிரியா?” ஏறக்குறைய. ஆனால் இதில் மஞ்சளுக்குப் பதில் கணக்கு.

குன்னூரில் ஒரு மதியம்

குன்னூரில் எங்களுக்குத் தெரிந்த வழக்கறிஞர் அம்மா எஸ்டேட் குத்தகைப் பத்திரங்களிலேயே முப்பது வருடம் கழித்தவர். மென்பொருள் வழக்கு அவருக்குப் புதிது. ஆனால் கடிதத்தை ஒருமுறை படித்ததுமே எங்களைவிடத் தெளிவாகப் புரிந்துகொண்டார்.

“தோட்டம் உங்கள் பட்டா. அதற்குப் போகிற பாதை பக்கத்து எஸ்டேட்டுக்குள் போகிறது. பட்டாவைக் காட்டிப் பாதை கேட்க முடியுமா? பதிப்புரிமை பட்டா. காப்புரிமை பாதை. ஒவ்வொரு வரியையும் நீங்களே எழுதியிருந்தாலும் அந்த முறைக்கு வேறொருவர் காப்புரிமை வைத்திருந்தால் அவர் கேட்டைச் சாத்தலாம்.”

கடிதத்தின் இரண்டாம் கேள்வி: ஆர்எஸ்ஏ பயன்படுத்துகிறீர்களா, ஆம் எனில் உரிம எண் என்ன? மூன்றாவது: ஐடியா பயன்படுத்துகிறீர்களா? இரண்டும் குறியாக்க முறைகளின் பெயர்கள். படித்ததும் என் கூட்டாளி சிரித்துவிட்டார். இது தொண்ணூறுகளில் யாரோ எழுதிய படிவம். அன்றிலிருந்து மேல்தாளை மட்டும் மாற்றி அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள். ஆனாலும் படிவம் கேட்டால் பதில் எழுதத்தான் வேண்டும். எழுத உட்கார்ந்தபோதுதான் நாங்கள் தினமும் பயன்படுத்தும் மென்பொருள் ஏன் இந்த வடிவத்தில் இருக்கிறது என்பதே புரிந்தது.

ரிவெஸ்ட், ஷமிர், ஏடில்மன் மூவரும் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழகத்தில் 1977இல் உருவாக்கியது ஆர்எஸ்ஏ. அதன் விவரம் அந்த ஆண்டு ஆகஸ்டிலேயே சயன்டிபிக் அமெரிக்கன் இதழில் வந்துவிட்டது. காப்புரிமைக்கு விண்ணப்பித்தது டிசம்பரில். வெளியான பிறகும் ஓராண்டு வரை விண்ணப்பிக்க அமெரிக்கச் சட்டம் இடம் கொடுத்தது, மற்ற நாடுகளில் அந்தக் கதவு மூடிவிட்டது. ஆகவே 1983 செப்டம்பர் 20 அன்று கிடைத்த காப்புரிமை அமெரிக்க எல்லைக்குள் மட்டுமே செல்லுபடியானது. பில் சிம்மர்மன் 1991இல் ஆர்எஸ்ஏயைப் பயன்படுத்தும் பிஜிபி என்ற குறியாக்க மென்பொருளை எழுதி இலவசமாக விட்டபோது அதே நிரல் அமெரிக்காவில் தகராறுக்கு உரியதாகவும் வெளியே எவரும் தடுக்க முடியாததாகவும் இருந்தது. 1994இல் எம்ஐடி வெளியிட்ட பதிப்பு காப்புரிமைக்காரர்களே கொடுத்த நிரலகத்தைப் பயன்படுத்தியது, வணிகப் பயன்பாட்டுக்கு அனுமதி இல்லை. வெளிநாட்டுக்கென்று தனிப் பதிப்பு ஒன்றும் உலவியது. ஒரே பூட்டு, எல்லைக்கு இந்தப் பக்கம் ஒரு சாவி, அந்தப் பக்கம் வேறு சாவி.

(சிம்மர்மனுக்குப் பெரிய தலைவலி கொடுத்தது காப்புரிமைகூட இல்லை. குறியாக்கத்தை அன்றைய அமெரிக்கச் சட்டம் போர்த்தளவாடமாகப் பார்த்தது. 1993இல் தொடங்கிய விசாரணை 1996 ஜனவரியில்தான் கைவிடப்பட்டது. இடையில் 1995இல் மூலநிரலை, அதாவது மனிதர் படிக்கும் வடிவில் உள்ள நிரலை, அப்படியே புத்தகமாக அச்சிட்டார்கள். காகிதத்துக்கு ஏற்றுமதித் தடை இல்லை. எனக்கு இந்தக் கதையில் மிகவும் பிடித்த இடம் அது.)

ஐடியா வேறு வகை. சூரிச்சில் லாய், மாசி இருவரும் வடிவமைத்தது. அஸ்காம் நிறுவனத்திடம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் காப்புரிமை இருந்தது. தனிப்பட்ட பயன்பாட்டுக்கு இலவசம், வணிகத்துக்கு உரிமம் வேண்டும். கேட்பதற்குத் தாராளமாகத் தெரியும். ஆனால் கட்டற்ற மென்பொருளுக்கு அந்த நிபந்தனையே விஷம். வாங்குகிறவர் அதை எதற்குப் பயன்படுத்துவார் என்று கேட்கத் தொடங்கிவிட்டால் அது கட்டற்றது இல்லை. ஜெர்மனியின் வெர்னர் கோக் 1997இல் க்னூபிஜியைத் தொடங்கியபோது ஆர்எஸ்ஏ, ஐடியா இரண்டையுமே வெளியே நிறுத்திவிட்டார். பதிலாக எல்கமல் என்ற பொதுச்சாவி முறையை எடுத்துக்கொண்டார். டிஃபி–ஹெல்மன் என்ற முந்தைய முறையின்மேல் கட்டப்பட்டது அது. அதன்மேல் நிழல் விழுத்திக்கொண்டிருந்த டிஃபி–ஹெல்மன் காப்புரிமை அதே 1997இல்தான் முடிந்திருந்தது. க்னூபிஜியின் 1.0 பதிப்பு 1999 செப்டம்பரில் வந்தது. மறு ஆண்டு ஆர்எஸ்ஏ காப்புரிமை முடிய இரண்டு வாரம் இருக்கும்போது, செப்டம்பர் 6 அன்று, உரிமையாளர்களே அதை விட்டுக்கொடுத்துவிட்டார்கள். ஐடியாவின் கடைசிக் காப்புரிமை 2012இல் முடிந்தது.

எனவே இரண்டாம், மூன்றாம் கேள்விகளுக்கு விடை: இருந்தாலும் பிரச்சினை இல்லை. நாங்கள் உண்மையில் பயன்படுத்தியது ஏஇஎஸ் என்ற குறியாக்கத் தரமும், நீள்வட்ட வளைவுக் கணிதத்தில் அமைந்த ஒரு பொதுச்சாவி முறையும். ஏஇஎஸ்ஸைத் தேர்ந்தெடுக்க அமெரிக்கத் தர நிறுவனம் 1997இல் போட்டி அறிவித்தபோதே, வெல்கிற முறைக்கு உலகில் எங்கும் கட்டணம் கேட்கக் கூடாது என்று நிபந்தனை போட்டுவிட்டது. அதற்குமுன் பட்ட அவதியிலிருந்து வந்த புத்தி என்று நினைக்கிறேன். நீள்வட்ட வளைவுகள் கொஞ்சம் சேறான பாதை. 1985இல் காப்லிட்ஸும் மில்லரும் தனித்தனியே சொன்ன அடிப்படை யோசனை பொதுவில் இருக்கிறது. அதை வேகமாகச் செய்யும் நுணுக்கங்கள் பலவற்றுக்குப் பிற்பாடு செர்டிகாம் நிறுவனம் காப்புரிமை வாங்கியது. 2011இல் இணையப் பொறியாளர் குழு வெளியிட்ட ஓர் ஆவணம், 1994 வரை அச்சானவற்றை மட்டுமே வைத்து அடிப்படை முறையை எழுதிக் காட்டியது. பழைய நூலகத் தூசுக்கு இப்படியும் ஒரு பயன்.

இந்தியாவைப் பொறுத்தவரை, 1970ஆம் ஆண்டுக் காப்புரிமைச் சட்டத்தின் 3(கே) பிரிவு, கணக்கு முறையும் அல்காரிதமும் தன்னளவில் கணினி நிரலும் கண்டுபிடிப்பு ஆகாது என்கிறது. 2004 இறுதியில் வந்த அவசரச் சட்டம் தொழில்துறைப் பயன்பாட்டுக்கு ஒரு ஓட்டை போட்டது. 2005இல் நாடாளுமன்றம் அந்த ஓட்டையை ஏற்காமல் பழைய வாசகத்தையே வைத்துக்கொண்டது. ‘தன்னளவில்’ என்ற சொல்லை வழக்கறிஞர் அம்மா பென்சிலால் வட்டமிட்டார். தொழில்நுட்ப விளைவு இருப்பதாகக் காட்டினால் மென்பொருள் சார்ந்த கண்டுபிடிப்பும் உள்ளே வரலாம் என்பதை 2019இல் டெல்லி உயர் நீதிமன்றம் சொல்லியிருக்கிறது. வேலி இருக்கிறது, ஆனால் முள் எல்லா இடத்திலும் இல்லை. நிரல் ஓடப்போவது தமிழ்நாட்டுக் கொள்முதல் மையங்களில். காப்புரிமை நாட்டு எல்லையோடு நின்றுவிடும். “இந்தியாவுக்குள் மட்டும் என்று எழுதிவிடுங்கள். அமெரிக்காவுக்குக் கொண்டுபோனால் அவர்கள் பாடு” என்றார்.

காப்புரிமை விவகாரம் அந்த மதியத்தோடு முடிந்தது. அவர் கடிதத்தின் கடைசிப் பக்கத்தைத் திருப்பி, ஒன்பதாம் கேள்வியில் விரலை வைத்தார். “இதற்கு என்ன சொல்லப்போகிறீர்கள்?”

ஒன்பதாம் கேள்வி

பிறர் எழுதிய பகுதிகள் அனைத்தையும் அவற்றின் உரிமங்களோடு பட்டியலிடுக. அதுதான் கேள்வி.

க்னூபிஜி, ஜிபிஎல் என்ற கட்டற்ற மென்பொருள் உரிமத்தின் மூன்றாம் பதிப்பின் கீழ் வருகிறது. ஜிபிஎல் நிரலோடு பின்னிய நிரலை வெளியே கொடுத்தால் அதையும் ஜிபிஎல்லின் கீழேயே கொடுக்க வேண்டும். எங்கள் நிரல் அதைத் தனி நிரலாகக் கூப்பிட்டு வேலை வாங்குகிறது, ஒன்றோடொன்று பின்னவில்லை. எனவே எங்கள் நிரலுக்கு அது தொற்றாது. ஆனால் நிறுவல் தொகுப்போடு அதையும் சேர்த்துக் கொடுத்திருந்தோம். அப்படிக் கொடுத்தால் உரிம வாசகத்தையும் மூலநிரலையும் சேர்த்துத் தர வேண்டும். தரவில்லை. இடம் மிச்சம் பிடிக்கிறேன் என்று உரிமக் கோப்பை அழித்தது நான்தான். ஒரு பென் டிரைவில் மூலநிரலைப் போட்டுத் தொகுப்போடு வைத்ததும் அது சரியானது.

கையடக்கக் கருவியில்தான் மாட்டிக்கொண்டோம். தராசிலிருந்து சீரியல் போர்ட் வழியே எடையை வாங்கும் பகுதியை என் கூட்டாளி வெளிநாட்டுக்காரர் ஒருவரின் திட்டத்திலிருந்து எடுத்திருந்தார். முந்நூறு வரி இருக்கும். தலைப்பிலேயே எழுதியிருந்தது: ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு மட்டும். ‘அல்லது அதற்குப் பிந்தையது’ என்ற வழக்கமான வாசகம் இல்லை. அந்த முந்நூறு வரியையும் ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1ஐயும் ஒரே நிரலாகப் பின்னியிருந்தோம். பழைய ஓபன்எஸ்எஸ்எல் உரிமம், விளம்பரங்களில் தங்கள் பெயரைக் குறிப்பிட வேண்டும் என்று ஒரு நிபந்தனை வைத்திருந்தது. ஜிபிஎல்லோ, தான் சொன்னதற்குமேல் ஒரு நிபந்தனையும் சேர்க்கக் கூடாது என்கிறது. இரண்டும் தனித்தனியே கட்டற்றவை. சேர்த்துக் கட்டி வெளியே கொடுக்க மட்டும் வழியில்லை.

சங்கத்துக்கு நாங்கள் ஏற்கெனவே கொடுத்துவிட்டோம். இரண்டு வருடமாக. மீறினால் உரிமம் தானாக ரத்தாகும் என்கிறது ஜிபிஎல் இரண்டாம் பதிப்பு. 2007இல் வந்த மூன்றாம் பதிப்பில் முதல்முறை தவறியவர் திருத்திக்கொள்ளத் தவணை உண்டு, இரண்டாவதில் அந்தக் கருணை இல்லை. காப்புரிமை என்றால் இருபது ஆண்டில் தீரும், எல்லையில் நிற்கும். பதிப்புரிமை எழுதியவரின் ஆயுளோடு இன்னும் அறுபது ஆண்டு ஓடும், நாடு கடந்தும் துரத்தும். தெரிந்தே மீறிய நிரலைப் பயன்படுத்துவதற்கு இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தில் 63பி என்று தனிப் பிரிவே இருக்கிறது, குறைந்தது ஏழு நாள் சிறை. யாரும் எங்களைப் பிடித்துப்போக வரவில்லை என்றாலும் அதைப் படித்த இரவு தூக்கம் சரியாக வரவில்லை.

முதலில் தோன்றிய தீர்வு எளிது. ஓபன்எஸ்எஸ்எல் 1.1.1க்கு 2023 செப்டம்பர் 11ஆம் தேதியோடு ஆதரவு முடிந்திருந்தது, எப்படியும் மாற்ற வேண்டும். 2021 செப்டம்பரில் வந்த 3.0 பதிப்பு பழைய உரிமத்தைக் கைவிட்டு அப்பாச்சி 2.0 என்ற உரிமத்துக்கு மாறிவிட்டது. விளம்பர நிபந்தனை போயிற்று. பதிப்பை ஏற்றினால் முடிந்தது என்று நினைத்தோம்.

முடியவில்லை. அப்பாச்சி 2.0 ஜிபிஎல் மூன்றாம் பதிப்போடு சேரும், இரண்டாவதோடு சேராது. காரணத்தைத் தேடிப் போனால் அங்கே காப்புரிமை உட்கார்ந்திருக்கிறது. அப்பாச்சி உரிமத்தில், நிரலுக்குப் பங்களித்தவர்கள் தங்கள் காப்புரிமைகளைப் பயன்படுத்தும் அனுமதியையும் கூடவே கொடுக்கிறார்கள். அந்த நிரல் தன் காப்புரிமையை மீறுகிறது என்று நீங்கள் வழக்குப் போட்டால் உங்களுக்குக் கிடைத்த அந்த அனுமதி பறிபோகும். இது மேல்நிபந்தனை என்பது ஜிபிஎல் இரண்டாம் பதிப்பின் கணக்கு. வாசலில் துரத்திவிட்ட விருந்தாளி கொல்லைப்புறமாக வந்து திண்ணையில் சாய்ந்திருந்த மாதிரி இருந்தது. செயலாளர் குறிப்பேட்டில் எழுதியது அரைகுறையாக உண்மையும்தான்.

நிரலை எழுதியவருக்கு மின்னஞ்சல் அனுப்பி, செய்ததை மறைக்காமல் சொன்னோம். ஒன்பது நாளில் பதில் வந்தது. கோபம் இல்லை. மூலநிரலைச் சங்கத்துக்குக் கொடுத்துவிட்டால் பழசை மறந்துவிடுகிறேன் என்றார். ஆனால் ஓபன்எஸ்எஸ்எல்லோடு சேர்க்கத் தனி அனுமதி தர அவரால் முடியாது. அந்த முந்நூறு வரியில் இன்னும் இருவருடைய கையும் இருக்கிறது, அவர்களில் ஒருவர் இப்போது எங்கே இருக்கிறார் என்றே தெரியவில்லை. வழக்கறிஞர் அம்மாவுக்கு இது பழகிய கதை. கூட்டுப்பட்டாவில் ஒரு பங்காளி திருப்பூருக்குப் போய் முகவரி மாறிவிட்டால் கிரயம் நடக்காதே, அதுதான்.

லிப்ஜிகிரிப்ட் என்ற வேறு நிரலகத்துக்கு மாறலாம் என்று என் கூட்டாளி சொன்னார். க்னூபிஜியின் அடியில் இருப்பது அதுதான். அதன் எல்ஜிபிஎல் (ஜிபிஎல்லின் தளர்ந்த வடிவம்) உரிமம் ஜிபிஎல் இரண்டோடு ஒத்துப்போகும். சட்டப்படி சரியான வழி. ஆனால் அப்போது கருவியின் நிரல் முழுவதும் ஜிபிஎல் ஆகிவிடும். விற்க ஜிபிஎல் தடை சொல்வதில்லை, எவ்வளவு விலைக்கும் விற்கலாம். வாங்குகிறவருக்கு மூலநிரலும் அதை மேலும் கொடுக்கும் உரிமையும் சேர்ந்தே போகும், அவ்வளவுதான். என் விருப்பத்தைக் கேட்டிருந்தால் அதையே செய்திருப்பேன். சங்கத்து விவசாயிக்குக் கழிவைக் கணக்கிடும் நிரலைத் திறந்து பார்க்கும் உரிமை இருப்பதில் என்ன தவறு? நிறுவனமோ தனக்கு மட்டும் சொந்தம் வேண்டும் என்றது. சங்கத்துக்குப் பணம் வேண்டும்.

மிஞ்சியது ஒன்றுதான்: அந்த முந்நூறு வரியைத் தூக்கிவிட்டுப் புதிதாக எழுதுவது. பழையதைப் படித்தவர் எழுதினால் கை அதையே எழுதும் என்பதால் கூட்டாளி ஒதுங்கிக்கொண்டார். நான் அதைத் திறந்தே பார்த்ததில்லை, என் சோம்பேறித்தனம் முதல்முறையாகச் சட்டத் தகுதி ஆனது. தராசு கையேட்டை மட்டும் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். மேசைமேல் தராசு, தராசுமேல் சந்தையில் வாங்கிய ஐந்து கிலோ கேரட். தட்டு ஆடிக்கொண்டிருக்கும்வரை தராசு ஒவ்வொரு எடைக்கும் முன்னால் ‘யுஎஸ்’ என்று அனுப்பும், நின்றதும் ‘எஸ்டி’ என்று அனுப்பும். பழைய நிரல் எஸ்டிக்காக எவ்வளவு நேரம் காத்திருந்தது என்று கூட்டாளியிடம் கேட்க வாய் வந்தது, கேட்கவில்லை. கேட்டிருந்தால் இரண்டு வாரம் ஒரு வாரமாகியிருக்கும். எழுதிய ஒவ்வொரு நாளையும் நோட்டில் தேதி போட்டு எழுதி வைத்தேன், நாளை யாராவது கேட்டால் காட்டுவதற்கு. கடைசியில் கேரட் வாடி நாலே முக்கால் கிலோவுக்கு வந்துவிட்டது. தராசு சரி.

நிரல் முழுக்க எங்களுடையதானதும் ஓபன்எஸ்எஸ்எல் 3ஐத் தடையில்லாமல் சேர்த்தோம். காப்புரிமை அனுமதி அப்பாச்சி உரிமத்திலேயே எழுத்தில் இருப்பதால் கடிதத்தின் நான்கைந்து கேள்விகளுக்கு அதையே பதிலாகக் காட்ட முடிந்தது. பங்களித்தவர்களின் காப்புரிமைக்கு மட்டும்தான் அது காப்பு, மூன்றாமவருக்கு இல்லை என்பதையும் எழுதினோம்.

பதினொன்றாம் கேள்வி கேள்வியே அல்ல, உறுதிமொழி. உலகில் எந்தக் காப்புரிமையையும் இந்த மென்பொருள் மீறவில்லை, மீறினால் முழு இழப்பையும் நாங்கள் ஏற்கிறோம் என்று கையெழுத்துக் கேட்டார்கள். கோத்தகிரி மாடி அறையில் இரண்டு பேர் இதற்குக் கையெழுத்துப் போடுவது பைத்தியக்காரத்தனம். நாங்கள் பயன்படுத்தும் நிரலகங்களே எந்த உத்தரவாதமும் இல்லை என்ற வாசகத்தோடுதான் வருகின்றன. “எங்களுக்குத் தெரிந்தவரை, இந்தியாவுக்குள், ஒப்பந்தத் தொகைக்கு மேற்படாமல்” என்று வழக்கறிஞர் அம்மா மூன்று கட்டுகள் போட்டார். இரண்டு முறை திருப்பி அனுப்பிவிட்டு மூன்றாம் முறை ஒத்துக்கொண்டார்கள்.

நவம்பர் முதல் வாரம் ஒப்பந்தம் கையெழுத்தானது. சங்கத்துக்கு முதல் தவணை வந்தது. மறுநாள் நிறுவனத்திலிருந்து ஒரு மின்னஞ்சல்: படிவம் முழுமை பெறவில்லை, இரண்டாம் கேள்வியில் ஆர்எஸ்ஏ உரிம எண் காலியாக இருக்கிறது, நிரப்பி அனுப்பவும். பக்கம் பக்கமாக விளக்கம் எழுதி அனுப்பியிருந்தோம், கட்டம் மட்டும் காலி. கூட்டாளி அந்தக் கட்டத்தில் 4,405,829 என்று காப்புரிமை எண்ணையே எழுதி, பக்கத்தில் ‘2000இல் காலாவதி’ என்று சேர்த்து அனுப்பினார். பெற்றுக்கொண்டோம் என்று பத்து நிமிடத்தில் பதில் வந்தது.